பழைய வீட்டின் சி.ஐ. கழிவுக்குழாயை மாற்றுவதற்கு முன்

கும்பகோணம், தஞ்சாவூர், மயிலாடுதுறை வட்டாரங்களில் ஐம்பது ஆண்டுகளுக்கு முன் மாடி எடுத்த வீடுகளின் கொல்லைப்புறச் சுவரைப் பார்த்தால், கருந்தார் பூசிய, ஆறடிக்கு ஒரு முடிச்சு விழுந்த தடித்த குழாய் ஒன்று மொட்டை மாடிக்கு மேலிருந்து தரை வரை இறங்குவது தெரியும். வார்ப்பிரும்புக் குழாய் என்பது அதன் புத்தகப் பெயர். கொத்தனாரும் பிளம்பரும் சி.ஐ. பைப் என்றே சொல்வார்கள். தரைத்தளத்தோடு நின்ற வீடுகளில் கழிப்பிடம் கொல்லையின் கோடியில் இருந்ததால் இத்தகைய குழாய்க்கு வேலையே இருக்கவில்லை. மாடியில் குளியலறையும் கழிவறையும் வந்தபோதுதான் இதுவும் வந்தது. அவ்வாறு வந்த குழாய்கள் பல இன்று அரித்துப்போய், சுவரை நனைத்துக்கொண்டு நிற்கின்றன. குழாய் வேலையில் பழக்கமில்லாத வீட்டுக்காரர் ஒருவர், அதை மாற்ற ஆள் அழைப்பதற்கு முன் எவற்றையெல்லாம் தெரிந்துகொண்டிருக்க வேண்டும் என்பதை இங்கே விளக்க முயல்கிறேன்.

முதலில் அந்தக் குழாயின் அமைப்பைப் பார்க்கலாம். ஒவ்வொரு துண்டும் ஏறத்தாழ 1.8 மீட்டர், அதாவது ஆறடி நீளம் கொண்டது. ஒரு முனை கிண்ணம்போல் விரிந்திருக்கும். மறுமுனை வெறுங்குழலாக இருக்கும். மேல் துண்டின் வெறுங்குழலைக் கீழ்த் துண்டின் கிண்ணத்துக்குள் இறக்கி, இடைவெளியில் சணல் திரியை இறுகத் திணித்து, அதன்மேல் காய்ச்சிய ஈயத்தை ஊற்றி, ஆறியபின் உளியால் தட்டி இறுக்குவார்கள். நாம் தொலைவிலிருந்து பார்க்கும் முடிச்சு இந்த இணைப்புதான். ஈயம் மென்மையான உலோகம் என்பதால், வீடு சற்றே அமர்ந்தாலும் இணைப்பு கொஞ்சம் இடம் கொடுக்கும். நாலு அங்குலக் குழாயின் ஒரு துண்டு 20 கிலோவுக்கு மேல் எடையுள்ளது என்பதையும் இங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் அது உயிர்ப் பிரச்சினையாக வரும்.

இத்தனை தடித்த இரும்பு எப்படி அரிக்கிறது? குழாய்க்குள் கழிவு எப்போதும் முழுக் குழலாக ஓடுவதில்லை. அடியில் கொஞ்சம் ஓடும், மேலே காற்று நிற்கும். மலத்தொட்டியிலிருந்தும் தேங்கிய கழிவிலிருந்தும் எழும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு, ஈரமான உட்சுவரில் படியும்போது அங்குள்ள நுண்ணுயிர்கள் அதைக் கந்தக அமிலமாக மாற்றுகின்றன. அதனால்தான் படுக்கையாகப் போகும் குழாயில் தண்ணீர் தொடாத மேல்பகுதி பல இடங்களில் முதலில் ஓட்டையாகிறது. அடிப்பகுதியில் துரு மொக்கு மொக்காகக் கட்டி வழியை அடைக்கிறது. கழிவறை மஞ்சளாகிவிட்டது என்று வாராவாரம் ஊற்றப்படும் ஆசிட், பீங்கானை ஒன்றும் செய்யாமல், அடுத்திருக்கும் இரும்பைத்தான் தின்கிறது. வெள்ளிக்கிழமை கழுவலில் பாதிப் புட்டியைக் கவிழ்க்கும் வழக்கமுள்ள வீடுகளில் குழாய் சீக்கிரம் போனால் வியக்க வேண்டியதில்லை.

மண்ணுக்குள் புதைந்த பகுதிக்கு வேறொரு பகை உண்டு. நம் டெல்டாவின் களிமண் ஆண்டில் பல மாதங்கள் நீர் கோத்துக் கிடக்கிறது. காற்றுப் புகாத அந்த ஈரத்தில் வாழும் ஒருவகை நுண்ணுயிர்கள், மண்ணிலுள்ள சல்பேட்டை மாற்றும்போக்கில் இரும்பையும் வெளியிலிருந்து அரிக்கின்றன. நாகப்பட்டினம், வேதாரண்யம் போன்ற கடலோரங்களில் உப்பும் சேர்ந்துகொள்கிறது. இப்படி அரிக்கும்போது நடக்கும் ஒரு வினோதத்தை அறியாமல் ஏமாந்தவர்கள் பலர். வார்ப்பிரும்பில் 2 முதல் 4 விழுக்காடு கரி இருக்கிறது. அதில் பெரும்பகுதி கிராஃபைட் செதில்களாக இருக்கிறது. இரும்பு கரைந்து வெளியேறிய பிறகும், அந்தக் கிராஃபைட்டும் துருவும் சேர்ந்து குழாயின் வடிவத்தை அப்படியே தாங்கி நிற்கும். கண்ணுக்குக் குழாய் முழுசாக இருக்கும். பேனாக் கத்தியால் சுரண்டினால் பென்சில் முனையைச் சீவியதுபோல் கருப்புப் பொடி உதிரும். அது குழாயின் கூடு மட்டுமே. சுத்தியல் பட்டால் உடைந்து கையோடு வந்துவிடும்.

ஆகவே சோதனைக்கு வெறும் பார்வை போதாது. சுவரைப் பார்த்த பின்பக்கம்தான் முதலில் போகும், ஏனென்றால் அந்தப் பக்கத்துக்குத் தார் பூசியவர் எவரும் இலர். முகம் பார்க்கும் சிறு கண்ணாடி ஒன்றைக் குழாய்க்கும் சுவருக்கும் இடையில் செருகி, கைப்பேசி விளக்கை அதன்மேல் அடித்து, மேலிருந்து கீழாகப் பார்த்துக்கொண்டே வாருங்கள். நீளவாக்கில் ஓடும் விரிசலும், செம்பழுப்புக் கசிவும், சில வீடுகளில் விரலளவு அரசங்கன்றும் அந்தக் கண்ணாடியில் தெரியும். அரசங்கன்றைப் பிடுங்கி எறிந்தால் தீராது. அதன் வேர் எங்கே தண்ணீர் குடிக்கிறது என்பதுதான் கேள்வி. பிறகு சாவியாலோ சிறு ஸ்பேனராலோ அடிக்கு ஓர் இடத்தில் தட்டுங்கள். நல்ல குழாய் கணீரென்று ஒலிக்கும். விரிசல் விட்டதும் அரித்துப்போனதும் தொப்பென்று அடங்கும். கூசாவைத் தட்டிப் பார்த்து வாங்கிய தலைமுறைக்கு இதைக் கற்றுத்தர வேண்டியதில்லை.

இனி, இந்த வேலையில் மிக முக்கியமானதும், மிக அதிகமாகப் புறக்கணிக்கப்படுவதுமான செய்திக்கு வருகிறேன். கொத்தனார் பேச்சில் வாட்டம் என்றால் சரிவு. கழிவுக்குழாய் தண்ணீர்க் குழாயைப் போன்றதன்று. அதற்குள் அழுத்தம் கிடையாது, வாட்டம் ஒன்றுதான் அதன் மோட்டார். எங்கள் பூர்வீக வீட்டில் சில ஆண்டுகளுக்கு முன் செங்குத்துக் குழாய் முழுவதையும் புதிதாக மாற்றினோம். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஐப்பசி மழையில் கீழ்க் குளியலறைத் தரையில் தண்ணீர் வடியும் வாயான நானி ட்ராப் வழியாகக் கழிவு பழையபடியே மேலே வந்தது. அடுத்த கோடையில் தரையைத் தோண்டிய வயதான கொத்தனார், நடு வீட்டில், மட்டம் பார்க்கத் தண்ணீர் நிரப்பிய மட்டக்குழாயைப் பிடித்துக்கொண்டு, "குழாய் புதுசு தம்பி, வாட்டம் பழசாவே கிடக்கே" என்றார். முன்பு வேலை செய்தவர், கண்ணுக்குத் தெரிந்த குழாயை மாற்றிவிட்டு, மண்ணுக்குள் இருந்ததைத் தொடாமல் போயிருந்தார். அவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. கேட்க வேண்டிய கேள்வியை நாங்களும் கேட்கவில்லை.

டெல்டாவில் இந்தக் கேள்வி ஏன் இத்தனை கடினமாகிறது என்பதற்கு மூன்று காரணங்கள் உண்டு. ஊரே தட்டை என்பது முதலாவது. தெருவோடு தெருவாகச் சுவரைப் பங்கு போட்டு நிற்கும் பழைய வீடுகளுக்குப் பக்கச்சந்து கிடையாது என்பது இரண்டாவது. கழிவறை கொல்லையில் இருக்கிறது, பாதாளச் சாக்கடையோ வாசல் தெருவில் போகிறது, எனவே குழாய் தாழ்வாரம், முற்றம், கூடம், ரேழி எல்லாவற்றுக்கும் அடியில் நடந்து திண்ணையைத் தாண்டித் தெருவை அடைய வேண்டியிருக்கிறது. மூன்றாவது, தெருவின் உயரம். சுரண்டி எடுக்காமல் போட்ட சாலைக்கு மேல் சாலை போட்டு, முன்பு மூன்று படி ஏறிப் புகுந்த வீடுகளுக்குள் இப்போது ஒரு படி இறங்கிப் போகிறோம். சாலை ஏறினால், வீட்டுக் குழாய் வந்து சேரும் சாக்கடைத் தொட்டியான சேம்பரின் மூடியும் ஏறும். தெருச் சாக்கடைக் குழாயின் மட்டமும் சில இடங்களில் ஏறிவிடும்.

கணக்கு எளியது. விட்டத்தை அங்குலத்தில் எடுத்துப் பத்தால் பெருக்கினால் எத்தனை அடிக்கு ஓரடி வாட்டம் வேண்டும் என்று கிடைக்கும் என்பது பிளம்பர்களிடம் நெடுங்காலமாக வழங்கும் மக்வயர் விதி. நாலு அங்குலக் குழாய்க்கு 40 அடிக்கு ஓரடி. கொல்லையிலிருந்து தெரு வரை 120 அடி என்றால் மூன்றடி இறக்கம் தேவை. அது கிடைக்காவிட்டால் 60 அடிக்கு ஓரடி வரை இறங்கலாம். அப்போது இரண்டடி போதும், ஆனால் குழாய் ஓர் இடத்திலும் தொய்யக் கூடாது. அதற்கும் குறைந்தால், பெரிய குழாயாகப் போட்டுவிடலாம் என்று ஒருவர் நிச்சயம் சொல்வார். இதை நம்பாதீர்கள். ஒரு குடும்பம் விடும் தண்ணீர் ஆறு அங்குலக் குழாயில் மெல்லிய படலமாகப் பரவி ஓடிவிடும். திடக்கழிவு பின்தங்கிக் காயும். வாய்க்காலை அகலமாக வெட்டினால் கடைமடைக்குத் தண்ணீர் சீக்கிரம் போகாது என்பது நம் விவசாயிகளுக்குத் தெரிந்ததுதான். வாட்டம் உண்மையிலேயே கிடைக்காத வீட்டில் கழிவறையை முற்றத்துக்கு அருகே முன்னுக்குக் கொண்டுவருவது, அல்லது கொல்லையிலேயே முறையான மலத்தொட்டியை வைத்துக்கொள்வது ஆகிய இரண்டையும் செலவு போட்டுப் பார்ப்பதே நல்லது.

ஆகவே கடைக்குப் போய்க் குழாய் வாங்குமுன், தெரு சேம்பரில் உங்கள் குழாய் சேரும் இடத்தின் அடிமட்டத்தையும், கொல்லையில் செங்குத்துக் குழாய் தரையைத் தொடும் இடத்தின் மட்டத்தையும் மட்டக்குழாயால் ஒப்பிட்டுக் கொள்ளுங்கள். தண்ணீர் நிரப்பிய, கண்ணாடிபோன்ற மெல்லிய பிளாஸ்டிக் குழாய்தான் அது. அதற்குள் காற்றுக்குமிழி நின்றால் அளவு பொய்யாகிவிடும். குமிழி போகும் வரை தட்டிவிட்டுப் பிறகு அளக்க வேண்டும். கையடக்கமான ரசமட்டத்தை வைத்து நூறு அடியை அளப்பதாகச் சொல்பவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

புதுக் குழாயாகப் பெரும்பாலோர் போடுவது எஸ்.டபிள்யூ.ஆர். என்று கடையில் கேட்டு வாங்கும் பி.வி.சி. குழாய். இதற்கான இந்தியத் தர எண் ஐ.எஸ். 13592. இதில் ஏ, பி என இரண்டு வகை உண்டு. ஏ வகை மெல்லியது, காற்றுப்போக்கிக்கும் மழைநீருக்கும் உரியது. கழிவறைக் குழாய்க்கு பி வகைதான் வேண்டும். விலை குறைவென்று ஏ வகையைத் தலையில் கட்டுவது நடக்கிறது. குழாயின் மேல் அச்சடித்திருப்பதை நீங்களே படித்துப் பாருங்கள். அளவிலும் ஒரு குழப்பம் வரும். சி.ஐ. குழாயின் 100 மி.மீ. என்பது உள்விட்டம்; பி.வி.சி.யின் 110 மி.மீ. என்பது வெளிவிட்டம். இரண்டின் உள்வழியும் ஏறக்குறைய ஒன்றே. எனவே பெரிய குழாய் போட்டுவிட்டதாக மகிழவும் வேண்டாம். மண்ணுக்குள் போகும் நீளத்துக்கு ஐ.எஸ். 15328 தரத்தில், செம்பழுப்பு நிறத்தில், தனியாகவே குழாய் வருகிறது.

சி.ஐ.யின் பக்கமும் நியாயம் இருக்கிறது. அது தீயில் எரியாது, வெயிலில் வெளுக்காது, எல்லாவற்றுக்கும் மேலாக, மாடியில் தண்ணீர் ஊற்றினால் படுக்கையறைச் சுவருக்குள் சத்தம் கேட்காது. சுவருக்கு மறுபுறம் யாராவது தூங்குகிறார்கள் என்றால், பி.வி.சி. குழாயை வேறு சுவருக்கு மாற்ற முடியுமா என்று யோசிப்பது தகும்.

பழையதைக் கழற்றும்போது மேலிருந்து கீழாகத்தான் வர வேண்டும். அடித் துண்டு ஓட்டையாக இருக்கிறதென்று அதை முதலில் அறுத்தால், மேலே உள்ள நான்கைந்து துண்டுகள், நூறு கிலோ அளவு எடையோடு, துருப்பிடித்த பிடிப்புக் கம்பிகளை மட்டும் நம்பித் தொங்கும். அந்தக் கம்பிகள் அடிக்கப்பட்டிருப்பதோ சுண்ணாம்புக் காரைச் சுவரில். சாரம் கட்டி, ஒவ்வொரு துண்டையும் கயிற்றில் பிடித்துக்கொண்டு, கட்டிங் மெஷினால் இணைப்புக்குச் சற்று மேலே அறுத்து இறக்குவதே முறை. வார்ப்பிரும்பு வளையாமல் சிதறும் உலோகம் என்பதால் சுத்தியலால் உடைப்பவர் கண்ணாடி அணியாமல் நிற்கக் கூடாது. ஈயத்தை அடுப்பில் உருக்கி எடுத்துப் பழைய இரும்புக் கடையில் போட ஆசைப்படுவார்கள். ஈயப் புகை நஞ்சு, குழந்தைகள் இருக்கும் வீட்டில் அதை அனுமதிக்காதீர்கள். இணைப்போடு அப்படியே எடைக்குப் போட்டுவிடலாம்.

புதுக் குழாயைப் பொருத்துவதில் ஒரு தொடக்கநிலை உண்மை மறக்கப்படுகிறது. பி.வி.சி. வெயிலில் நீளும். மூன்று மீட்டர்க் குழாய், 30 டிகிரி வெப்ப வேறுபாட்டில் ஏறத்தாழ 6 மி.மீ. நீளும், அதே நீள இரும்பு 1 மி.மீ. அளவே நீளும். ஆகவே ரப்பர் வளைய இணைப்பில் குழாயை அடிவரை தள்ளிவிட்டு, அடையாளமிட்டு, 10 மி.மீ. வெளியே இழுத்து நிறுத்துவார்கள். வழுக்குவதற்கு சோப்புக் கரைசல் போடலாம். கிரீஸ் ரப்பரைக் கெடுக்கும். பழைய இரும்பின் ஒரு பகுதியை வைத்துக்கொண்டு அதோடு பி.வி.சி.யைச் சேர்க்க நேர்ந்தால், இடைவெளியில் சிமெண்ட் குழைத்து அடைப்பதை ஏற்காதீர்கள். ஒன்று நீள்கிறது, மற்றது நிற்கிறது, நடுவில் இருக்கும் சிமெண்ட் ஒரே கோடையில் மயிரிழையாக வெடிக்கும். எஃகுப் பட்டையால் இறுக்கும் ரப்பர் கப்ளர்தான் அங்கே வேண்டும்.

செங்குத்துக் குழாய் தரையில் திரும்பும் இடத்தில் ஒரே 90 டிகிரி வளைவுக்குப் பதிலாக இரண்டு 45 டிகிரி வளைவுகளை வைத்து, அதற்குச் சற்று மேலே திறந்து மூடும் கதவுள்ள துண்டு ஒன்றையும் சேர்க்கச் சொல்லுங்கள். நாளை அடைப்பு வந்தால் மூங்கில் பிளாச்சை எங்கிருந்து விடுவது என்று தேட வேண்டியிராது.

உச்சிக்கும் ஒரு வார்த்தை. மொட்டை மாடிக்கு மேல் வெறுமனே நீட்டிக்கொண்டிருக்கும் குழாய்முனையை அழகு கெடுகிறது என்று வெட்டி மூடி போட்டு அடைப்பவர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொரு கழிவறைக் கோப்பையின் அடியிலும், நானி ட்ராப்பிலும் வளைவில் நிற்கும் 50 மி.மீ. அளவு தண்ணீர்தான் சாக்கடை வாயுவை வீட்டுக்குள் வரவிடாமல் தடுக்கிறது. மாடியில் ஒரு வாளித் தண்ணீர் இறங்கும்போது அது தன் பின்னால் காற்றை இழுக்கும். உச்சி திறந்திருந்தால் காற்று அங்கிருந்து வரும், மூடியிருந்தால் கீழ் வீட்டு ட்ராப்பில் நிற்கும் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு வரும். பிறகு நாற்றம் எங்கிருந்து வருகிறது என்று வீடே தேடும்.

மண் வேலையைத் தொடங்க ஏற்ற காலம் மாசி முதல் வைகாசி வரை. மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-இல் திறக்கப்பட்டு, வாய்க்கால்களில் தண்ணீர் ஓடத் தொடங்கிவிட்டால், இரண்டடி தோண்டியதும் ஊற்று எட்டிப்பார்க்கும் தெருக்கள் இங்கே ஏராளம். அந்தத் தண்ணீர் வெறும் தொல்லை மட்டுமன்று. மண் மூடாத குழியில் நீர் ஏறினால், காலியாக இருக்கும் 110 மி.மீ. குழாயின் ஒவ்வொரு மீட்டரையும் அது 9 கிலோ அளவு விசையோடு மேலே தூக்கும். குழாயின் எடையோ மீட்டருக்கு 2 கிலோகூட இராது. பார்த்துப் பார்த்து வைத்த வாட்டம் ஒரே இரவில் கோணிவிடும். களிமண் கோடையில் வெடித்தும் மழையில் ஊதியும் அசைவதால், குழாயின் அடியில் 10 செ.மீ. மணல் விரித்து, பக்கங்களிலும் மேலும் மணலால் மூடி, அதற்குப் பிறகே தோண்டிய மண்ணைத் தள்ள வேண்டும். மட்டம் நிறுத்தச் செருகிய செங்கல் துண்டுகளைக் குழிக்குள்ளேயே விட்டுவிடக் கூடாது. குழாய் அந்தப் புள்ளிகளில் மட்டும் தாங்கி நின்று இடையில் தொய்யும். கொல்லைப் பக்கத்துப் பெருச்சாளி வளைகளையும் அடைத்துவிடுங்கள், இல்லையேல் போட்ட மணலை அது வாரி வெளியே கொட்டிவிடும்.

தரையைத் தோண்டியிருக்கும்போது முற்றத்து மழைநீர் வடியும் சலதாரை எங்கே போகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். பழைய வீடுகள் பலவற்றில் வசதிக்காக அதைக் கழிவுக்குழாயில் சேர்த்துவிட்டிருப்பார்கள். பாதாளச் சாக்கடை மழைநீருக்காகக் கட்டப்பட்டதன்று. ஊரின் முற்றங்கள் எல்லாம் அதற்குள் கொட்டும்போதுதான் கார்த்திகையில் அது எதிர்த்து வருகிறது. தமிழ்நாட்டில் 2003 முதல் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர்ச் சேகரிப்புத் தொட்டிக்கோ, கொல்லைக் கிணற்றுக்கோ சலதாரையைத் திருப்பிவிட இதைவிட நல்ல வாய்ப்பு வராது. முற்றத்தின் மட்டம் தெரு சேம்பரின் மூடியைவிடத் தாழ்வாக இருந்தால், எதிரேறி வரும் கழிவைத் தடுக்கும் ஒருவழி வால்வு ஒன்றையும் வாசல் சேம்பருக்கு முன்னால் வைக்க வேண்டும்.

பழைய மலத்தொட்டிக்குள்ளோ சேம்பருக்குள்ளோ எக்காரணம் கொண்டும் ஆளை இறக்காதீர்கள். ஹைட்ரஜன் சல்பைடு அளவு மிகும்போது மூக்கு அதன் நாற்றத்தை உணர்வதையே நிறுத்திவிடும். நாற்றம் போய்விட்டது என்று குனிந்தவர் எழுவதில்லை. கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டமும் பாதுகாப்பின்றி ஆளை இறக்குவதைக் குற்றமாக்கியிருக்கிறது. கழிவு உறிஞ்சும் லாரியை அழைத்துக் காலி செய்த பிறகு, இணைப்பு வேலையை மேலிருந்தே முடிக்க வேண்டும்.

குழியை மூடுவதற்கு முன் ஒரு நாள் பொறுங்கள். தெரு முனையில் குழாயை அடைத்துவிட்டு, கொல்லைப் பக்கம் வரை தண்ணீர் நிரப்பி, மட்டத்தைச் சுண்ணாம்புக் கட்டியால் குறித்துக்கொண்டு, ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் இணைப்புகளின் தரம் தெரிந்துவிடும். பிறகு அடைப்பை எடுத்துவிட்டு, வெள்ளைத் துணிக்குப் போடும் சொட்டு நீலத்தை ஒரு வாளியில் கலக்கி மாடிக் கழிவறையில் ஊற்றச் சொல்லுங்கள். நீங்கள் வாசலில் சேம்பர் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு நில்லுங்கள். நீலம் ஒரே வீச்சில் வந்து, பின்னால் ஊற்றும் இரண்டாவது வாளித் தெளிந்த தண்ணீரோடு முழுவதும் போய்விட்டால் மண்ணைத் தள்ளலாம். இரண்டாவது வாளி தெளிவாக ஓடி முடித்த பிறகும், சற்று விட்டு விட்டு நீலம் கசிந்துகொண்டே வருமானால், வழியில் எங்கோ குழாய் தொய்ந்து தண்ணீர் தேங்கியிருக்கிறது என்று பொருள். மட்டக்குழாயை மறுபடி எடுத்து அந்த இடத்தைக் கண்டுபிடித்து, மணலைக் கொத்தி நிமிர்த்திய பிறகே கொத்தனாருக்குக் கூலியைக் கணக்குத் தீருங்கள்.